மடக்குக் கட்டிலும் மூன்றில் ஒரு பங்கு ஆளும்

அமினியேல் காலையில் எழுந்திருப்பது நாலு கட்டமாக நடக்கும். முதலில் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். பிறகு முழங்கால்களை வயிற்றுக்கு இழுத்து, நெற்றியைத் தரையில் முட்டி, பின்பக்கத்தைத் தூக்க வேண்டும். அப்புறம் கூடாரக் கம்பைப் பிடிக்க வேண்டும். நாலாவதாக, கூடச் சுமை தூக்கும் ஒம்பேனி வர வேண்டும். ஒம்பேனி வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினால்தான் இடுப்புக்குக் கீழே இருப்பது தன் உடம்பு என்றே அவனுக்குத் தெரியவரும். அதுவரை அங்கே யாரோ ஆணி அடித்துக்கொண்டிருப்பார்கள்.

"என்னண்ணே, இன்னிக்கு மேல்பாதி மட்டுந்தான் வேலைக்கு வருதா?" என்றான் ஒம்பேனி.

"கீழ்ப்பாதி பின்னால வரும். நீ இழு."

கிளிமஞ்சாரோவின் பாறை முகாமில் தரை ராத்திரி உறைந்து கிடக்கும். ஆள் படுத்த இடம் மட்டும் உடம்புச் சூட்டில் இளகும். இளகிய நீர் சட்டைக்குள் ஏறும். விடியும்போது சட்டையே தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இருபத்தொரு வருஷமாக அமினியேல் அப்படித்தான் படுக்கிறான். மலையேற வந்தவர்களுக்கு நாலு விரல் கனத்தில் மெத்தை உண்டு. அதைத் தலையில் வைத்து மேலே கொண்டுவருவதும், ஊதிப் பெரிதாக்குவதும், அவர்கள் கூடாரத்தில் விரித்துவிட்டு வருவதும் அவன் வேலை. விரித்துவிட்டு வந்து தரையில் படுப்பான். அதில் அவனுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சம்பளத்துக்குத்தான் வந்திருக்கிறான்.

அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. வீட்டில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு இருந்தது. உடைத்துப் போட்ட சிற்றுந்தின் இருக்கையிலிருந்து கிழித்தெடுத்தது, மூன்று முழ நீளம், முக்கால் கிலோ எடை. அதை இடுப்புக்கு அடியில் போட்டுக்கொண்டால் போதும். ஆனால் சுமையாட்கள் ஸ்பாஞ்சு கொண்டுபோகக் கூடாது என்று மலையடிவார வாசலில் சட்டம். எப்போதோ உச்சிப் பனியின் மேல் ஒரு துண்டு ஸ்பாஞ்சு பறந்ததை யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் படம் எடுத்து எங்கோ போட்டுவிட்டார். மறுவாரமே தடை வந்தது. வந்தவர்களின் மெத்தைக்குத் தடை இல்லை, அது உபகரணம். சுமையாளின் ஸ்பாஞ்சு குப்பை. சில பேர் சட்டைக்குள் வயிற்றில் சுற்றிக்கொண்டு போவார்கள். மாட்டியும் கொள்வார்கள். தொப்பை உள்ள சுமையாள் இந்த மலையில் கிடையாது என்பது வாசல்காரர்களுக்குத் தெரியும்.

ஊர் மருந்தகத்தில் இருந்த மருத்துவ உதவியாளர் அமினியேலின் முதுகெலும்பைக் கட்டை விரலால் எண்ணிக்கொண்டே கீழே வந்து ஓர் இடத்தில் அழுத்தினார். அமினியேல் மேசையை விட்டு எழும்பிக் குதித்தான்.

"இன்னும் ஒரு பருவம் ஈரத்துல படு," என்றார் அவர். "அப்புறம் இந்த இடது கால் நீ சொல்றதக் கேக்காது."

"கேக்கலன்னா?"

"மலைக்குப் போக வேண்டியதில்ல. நிம்மதி."

மலைக்குப் போகாமல் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. அப்பன் நிலத்தை ஐந்து பேர் பங்கு போட்டதில் அமினியேலுக்குப் பதினொரு வாழை வந்தது. காப்பிச் செடிகளை விலை விழுந்த வருஷம் வெட்டியாயிற்று. வீட்டில் மனைவியும் மூன்று பிள்ளைகளும். தலையில் சுமை வைத்து நடப்பதைத் தவிர வேறொன்றும் அவன் கற்றுக்கொள்ளவில்லை. அந்தக் காலை வைத்துத்தான் குடும்பம் நின்றது.

அதனால் கடிதம் எழுதினான். "ஐயா, எனக்கு இடுப்பு வலி. முக்கால் கிலோ ஸ்பாஞ்சு ஒன்றை மேலே கொண்டுபோக அனுமதி வேண்டும். ஏழு வருஷமாக என் வீட்டில் இருக்கிறது. இதுவரை பறந்ததில்லை." மருந்தகச் சீட்டையும் வைத்து அனுப்பினான்.

மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளை ஜீப் வாழைகளுக்கு நடுவில் வந்து நின்றது. காலில் செருப்பு இல்லாமல் வெளியே வந்த அமினியேலுக்கு மாலை போட்டார்கள். அவன் கடிதத்தை மேலிடம் படித்ததாம். படித்து அழுததாம். அழுது முடித்து ஒரு வாரியம் அமைத்ததாம். மலைமுகாம் உறக்க மேம்பாட்டு வாரியம் என்று பெயர். தலைவரையும் சேர்த்துப் பதினொரு உறுப்பினர்கள், இரண்டு ஜீப், மோஷி நகரில் மாடியோடு ஓர் அலுவலகம்.

"அப்ப ஸ்பாஞ்சு கொண்டுபோகலாமா?" என்றான் அமினியேல்.

மாலை போட்டவர் பெயர் கௌடென்ஸ், வாரியத்தின் திட்ட அலுவலர். சட்டைப் பையில் நாலு பேனா வைத்திருந்தார். "அதத்தான் வாரியம் பரிசீலிக்கப் போகுது. பரிசீலனையில இருக்கற பொருள யாரும் தொடக் கூடாது. அதனால இன்னிலேருந்து வாசல்ல சோதனை இன்னும் கடுமையாகும்."

கடுமையாகத்தான் ஆயிற்று. மறுவாரம் வாசலில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். முப்பத்தெட்டு ஸ்பாஞ்சு சிக்கியது. இருபது வருஷமாக யாருக்கும் தெரியாமல் முதுகில் பாதியை ஸ்பாஞ்சின் மேல் வைத்துக் காலம் தள்ளியவர்கள் எல்லாரும் வெறும் முதுகோடு மலை ஏறினார்கள். அமினியேலை எதிரில் பார்த்தால் பாதையின் அந்தப் பக்கம் போய் நின்றார்கள்.

"கடிதாசி எழுதுன கைய வெட்டி வாசல்ல தொங்கவிடணும்," என்று ஒருவன் அவன் காதுபடச் சொன்னான்.

"விடுரா, அதையும் எடை போட்டுப் பதினஞ்சு கிலோன்னு எழுதுவானுங்க," என்றான் ஒம்பேனி. ஆனால் அவனும் தன் ஸ்பாஞ்சைப் பறிகொடுத்தவன்தான்.

வழிகாட்டிகளும் அமினியேலை ஒதுக்கினார்கள். ஆள் எடுக்கும் காலைகளில் வாசலில் நிற்பான். விரல் அவனைத் தாண்டி அடுத்தவன் மேல் போகும். ஒரு மாதத்தில் இரண்டு பயணம் கைவிட்டுப் போயிற்று.

அப்போதுதான் வாரியத்தின் அழைப்பு வந்தது. கட்டில் தேர்வுக் கூட்டம். அமினியேல் பயனாளர் பிரதிநிதி. பயணப்படி உண்டு.

மோஷியின் பெரிய விடுதியில் கூட்டம். தரையில் கணுக்கால் புதையும் விரிப்பு. ஏழு கம்பெனிகள் ஏழு மடக்குக் கட்டில் அனுப்பியிருந்தன. வாரியத் தலைவர் டாக்டர் ஃபுல்ஜென்ஸ் ஒலிபெருக்கி முன்னால் நின்று, இல்லாத கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் பேசினார்.

"நண்பர்களே, நான் இந்த மலை ஏறினதில்ல. அதனாலதான் என்னால இந்த விஷயத்த நடுநிலையோட பாக்க முடியுது. வலி உள்ளவன் வலியைப் பத்தி மட்டும் பேசுவான். வலி இல்லாதவன்தான் கொள்கை பேச முடியும். ஒரு ஏழைச் சுமையாள் ஸ்பாஞ்சு கேட்டான். கேட்டதக் குடுக்கறது பிச்ச. கேக்காததக் குடுக்கறதுதான் நிர்வாகம்."

எல்லாரும் கை தட்டினார்கள். அமினியேலும் தட்டினான். தட்டாவிட்டால் பயணப்படி கிடைக்காதோ என்று பயம்.

முதலில் எளிதாகப் பொருத்தும் சோதனை. ஒவ்வொரு கட்டிலையும் பையிலிருந்து எடுத்து விரித்துக் காலூன்றி நிறுத்த எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்ப்பது. பொருத்த வேண்டியவன் அமினியேல். வாரியச் செயலர் ப்ரிஸ்கா அம்மா கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதல் கட்டில் மிகவும் லேசானது. இரண்டு கிலோகூட இல்லை. ஆனால் அமினியேல் தன் வாழ்நாளில் மடக்குக் கட்டிலைக் கையால் தொட்டதில்லை. எந்தக் கம்பி எந்தத் துளைக்குள் போகும் என்று பார்த்துப் பார்த்து நிறுத்துவதற்குள் பத்தொன்பது நிமிஷம் ஆகிவிட்டது. அடுத்தது பதினாலு. அதற்கடுத்து பத்து. ஆறாவதுக்கு வரும்போது கை தானாக வேலை செய்தது. ஏழாவது, எல்லாவற்றிலும் கனமான கட்டில், இரண்டே நிமிஷத்தில் நின்றது.

"ஏழாவதுதான் எளிது," என்று எழுதினார் ப்ரிஸ்கா அம்மா. "முதல் கட்டில் தகுதியே இல்லாதது."

"அம்மா, அது அப்படி இல்ல," என்றான் அமினியேல். "மொதல்ல எனக்குத் தெரியல. பழகப் பழக வந்துடுச்சு. இப்ப அந்த மொத கட்டிலக் குடுங்க, ஒரு நிமிஷத்துல நிறுத்தறேன்."

"ரெண்டாவது வாய்ப்பு குடுத்தா மத்த கம்பெனிங்க வழக்குப் போடுவாங்கப்பா. உன் அடக்கத்தக் குறிப்புல எழுதிக்கறேன்."

"மேல கை வெறச்சிருக்கும்மா. விரல் மடங்காது. அந்த மாதிரி வெச்சுப் பாக்கணும்."

இது நல்ல யோசனை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். சோடா பாட்டில்கள் கிடந்த பனிக்கட்டி வாளிக்குள் அமினியேலின் கைகளை முழங்கை வரை விட்டுப் பத்து நிமிஷம் வைத்திருக்கச் சொன்னார்கள். பிறகு ஏழாவது கட்டிலைக் கொடுத்தார்கள். விரல் ஒன்றும் பிடிக்கவில்லை. கம்பி நழுவி அவன் புறங்கையைக் கிழித்தது. இருபத்தாறு நிமிஷம் கழித்து நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கை குளிர்ந்திருந்தது கட்டிலின் குறை அல்ல, கையின் குறை என்று தீர்மானம் ஆயிற்று.

அடுத்தது சுகச் சோதனை. அது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஆட்டிறைச்சி போட்ட பிலாவ் சோறும் வறுத்த வாழைக்காயும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு உறுப்பினர்களில் ஏழு பேர் ஆளுக்கொரு கட்டிலில் படுத்தார்கள். கட்டில் கிடைக்காதவர்கள் விரிப்பில் படுத்தார்கள். ஐந்து மணிக்குத் தலைவர் எழுந்து கண்ணைக் கசக்கி, "எல்லாமே அற்புதம்," என்றார். விரிப்பில் படுத்தவர்களும் அதையே சொன்னார்கள்.

அமினியேலும் ஒரு நிமிஷம் படுத்துப் பார்க்கலாமா என்று கேட்டான். காலையிலிருந்து குனிந்து குனிந்து இடுப்பு விண்விண் என்று தெறித்தது.

"நீ படுக்கக் கூடாது," என்றார் கௌடென்ஸ். "நீ பயனாளர். உனக்கு இதுல சுயநலம் இருக்கு. தீர்ப்புல சந்தேகம் வந்துடும்."

எளிதில் பொருந்துவது ஏழாவது. சுகத்தில் எல்லாம் சமம். ஆகவே ஏழாவது தேர்வானது. அதன் எடை ஐந்து கிலோ. கால்மாட்டில் வாரியத்தின் முத்திரை பதித்த இரும்புத் தகடு ஒன்றை அடிக்க வேண்டும் என்று தலைவர் விரும்பினார். தகடு ஒரு கிலோ. ஆக ஆறு.

"அவன் கேட்டது முக்கால் கிலோ," என்றார் தலைவர். "நாம குடுக்கறது ஆறு கிலோ. எட்டு மடங்கு. எந்த அரசாங்கம் இப்படிக் குடுத்திருக்கு? ஸ்பாஞ்சு மனு இதோட முடிஞ்சது. தடை நிரந்தரம்."

அமினியேல் எழுந்து நின்றான். எழுவதற்கு மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது. "ஐயா, இத யாரு தூக்குவாங்க?"



"சுமையாளுங்கதான்," என்றார் தலைவர். "அது அவங்க தொழில்தானே?"

"ஒரு ஆளுக்கு இருபது கிலோதாங்க வரம்பு. அதுல அஞ்சு கிலோ அவன் துணியும் போர்வையும். மிச்சம் பதினஞ்சு கிலோ வந்தவங்க சாமான். இந்த ஆறு கிலோவுக்கு எடம் எங்க இருக்கு?"

கௌடென்ஸின் முகம் மலர்ந்தது. அன்று முழுக்க அவர் காத்திருந்தது இதற்குத்தான் போலிருந்தது. பலகையில் எழுத ஆரம்பித்தார்.

"ஒரு பயணத்துக்கு இருபது சுமையாள்னு வெச்சுக்குங்க. இருபது கட்டில், நூத்திருபது கிலோ. ஆளுக்குப் பதினஞ்சு கிலோ. ஆக எட்டுப் பேர கூட எடுத்தாப் போதும்."

"அந்த எட்டுப் பேரும் எங்க படுப்பாங்க?" என்றான் அமினியேல்.

"கட்டில்ல. அதுக்கு நாப்பத்தெட்டு கிலோ. அதத் தூக்க மூணு ஆளும் சொச்சமும்."

"அந்த மூணு ஆளு?"

"அவங்களுக்கும் கட்டில் உண்டு. வாரியம் பாரபட்சம் பாக்காது. அதத் தூக்க ஒரு ஆளும் சொச்சமும். அந்த ஒரு ஆளுக்கு…"

"ஐயா, இது எங்கயாவது நிக்குமா?"

"நிக்கும்," என்றார் கௌடென்ஸ், சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல. "கணக்கு உன்ன மாதிரி பயந்துக்காது. குறைஞ்சு குறைஞ்சு ஒரு எடத்துல நிக்கும்." அடியில் இரண்டு கோடு போட்டார். "முப்பத்து மூணு ஆளு, அதோட ஒரு ஆளுல மூணுல ஒரு பங்கு."

ப்ரிஸ்கா அம்மா பேனாவை எடுத்தார். "முப்பத்து நாலுன்னு எழுதிடட்டுமா?"

"எழுதினா ஒரு ஆளுல மூணுல ரெண்டு பங்கு கையை வீசிக்கிட்டு மலை ஏறும். அதுக்கும் சம்பளம் குடுக்கணும். தணிக்கையில யாரு பதில் சொல்றது? நீங்களா, நானா?"

வாரியம் யோசித்தது. யோசித்துக்கொண்டே ஒவ்வொருவராக அமினியேலைப் பார்த்தார்கள். அவன் இன்னும் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். தலைவர் அவனுடைய பழைய கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்து, அதோடு தைத்திருந்த மருந்தகச் சீட்டைப் படித்தார்.

"இடுப்பு பழுது. இடது கால் சந்தேகம்." தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நாம தேடற ஆள இயற்கையே தயார் பண்ணி வெச்சிருக்கு."

மூன்றில் ஒரு பங்கு ஆள் என்று சான்றிதழ் எழுதினார்கள். மூன்றில் ஒரு பங்குச் சுமை, ஐந்து கிலோ. மூன்றில் ஒரு பங்குக் கூலி. மூன்றில் ஒரு பங்கு உகாலிக் களி. அமினியேல் நின்று யோசித்தான். வாசலில் எந்த விரலும் அவன் மேல் நிற்பதில்லை. ஐந்து கிலோதான் சுமை. இந்த முதுகுக்கு ஒருவேளை அதுவே நல்லதோ என்னவோ. கையெழுத்துப் போட்டான். பேனா கௌடென்ஸுடையது. திருப்பி வாங்கிக்கொண்டார்.

பயணத்தன்று வாசலில் எடைக்கொக்கி முன்னால் முப்பத்து மூன்று பேரும் அமினியேலும் நின்றார்கள். ஐந்து கிலோவை மாட்டிச் சரி என்றார்கள். அப்புறம் அவன் சொந்த மூட்டையைத் தூக்கி மாட்டினார்கள். நாலரை கிலோ.

"உனக்கு அஞ்சு கிலோ கெடையாது," என்றான் எடைக்காரன், காகிதத்தைப் பார்த்து. "மூணுல ஒரு பங்கு. ஒரு கிலோ அறநூத்தி அறுபத்தாறு கிராம்."

"போர்வையே ரெண்டு கிலோ தம்பி."

"அப்ப போர்வையில கொஞ்சம் வெச்சுட்டுப் போ."

"போர்வையில கொஞ்சம்னா எந்தக் கொஞ்சம்?"

"அது உன் இஷ்டம்ணே. வாரியம் தனிமனுசன் விஷயத்துல தலையிடாது."

அமினியேல் போர்வையை வாசலில் விட்டான். சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று போட்டுக்கொண்டு நடந்தான். உடம்பில் இருப்பதை எடை போட இன்னும் சட்டம் வரவில்லை.

அவன் பங்குக் கட்டில் தனியாக வந்தது. பட்டறையில் கொடுத்து ஒரு கட்டிலை மூன்றாக அறுத்திருந்தார்கள். அவனுக்குக் கொடுத்தது தலைமாட்டுப் பகுதி, இரண்டு கால்களோடு. இரண்டு காலில் எந்தக் கட்டிலும் நிற்காது. நடுப்பகுதியையாவது கொடுங்கள், இடுப்புக்கு ஆகும் என்று கெஞ்சிப் பார்த்தான். பங்கு எப்போதும் தலையிலிருந்துதான் ஆரம்பிக்கும் என்று கௌடென்ஸ் சொல்லி அனுப்பினார்.

காட்டு முகாமில் முதல் சாயங்காலமே தெரிந்துபோயிற்று. பத்துப் பேர் ஒட்டிப் படுக்கும் கூடாரத்தில் மூன்று கட்டில்தான் நின்றது. ஒட்டிப் படுத்தால்தான் ஒருவன் சூடு ஒருவனுக்குக் கிடைக்கும். கட்டிலில் தனித்தனியாகப் படுத்தவனுக்கு அடியிலிருந்து காற்று ஏறியது. அரை மணி நேரத்தில் மூன்று பேரும் பல் கிடுகிடுக்க இறங்கித் தரையில் வந்து நுழைந்தார்கள். ஆனால் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கட்டில் எல்லாவற்றையும் பொருத்தி வரிசையாக நிறுத்தி வழிகாட்டி கைபேசியில் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது வாரிய உத்தரவு. விறைத்த விரல்களோடு முப்பத்து மூன்று கட்டிலை மழையில் நிறுத்துவார்கள். படம் போன பிறகு மடக்குவார்கள். உகாலியும் முட்டைக்கோசும் அதற்குள் ஆறிப்போயிருக்கும்.

"கட்டிலுக்குத்தான் நாம சுகம் குடுக்கறோம்," என்றான் ஒம்பேனி. தன் களியில் பாதியைப் பிட்டு, யாரும் பார்க்காதபோது அமினியேல் தட்டில் வைத்தான். "தின்னு. மூணுல ரெண்டு பங்கு பட்டினியா இருக்கும்."

அமினியேல் தன் கட்டில் துண்டை இடுப்புக்கடியில் போட்டுப் பார்த்தான். கம்பி குத்தியது. தலைக்கு மேல் சாய்த்துவைத்தான். முகத்தில் மட்டும் சொட்டவில்லை. மற்றதெல்லாம் ஈரம். போர்வை இல்லாமல் ஒம்பேனியின் முதுகோடு முதுகை ஒட்டிக்கொண்டு, கால் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பான். வலது காலில் ஐந்து. இடது காலில் ஐந்து. மறுநாள் ராத்திரி இடது காலில் மூன்றுதான் அசைந்தது. மீதி இரண்டும் தூங்கிவிட்டன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

நாலாம் நாள் விடிகாலை, பனி முகாம். ஒருக்களித்தான். முழங்காலை இழுத்தான், ஒன்றுதான் வந்தது. கம்பைப் பிடித்தான். ஒம்பேனி வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான்.

"காலை ஊனுண்ணே."

"ஊனிட்டேன்."

"ஊனல."

"ஊனிட்டேண்டா."

ஒம்பேனி குனிந்து பார்த்தான். இடது பாதம் பக்கவாட்டில் மடிந்து, வேறு யாருடையதோ போலக் கிடந்தது. அவன் மெதுவாக அமினியேலைக் கீழே இறக்கினான்.

வழிகாட்டி வந்தான். மலையேற வந்தவர்கள் அன்று ராத்திரி உச்சிக்குக் கிளம்ப வேண்டும். "கீழ கொண்டுபோறவன் திரும்பி வர முடியாது. வராதவனுக்கு முழுக் கூலி இல்ல, கடைசி நாள் இனாமும் இல்ல. யாரு போறீங்க?"

ஒம்பேனி தன் மடக்குக் கட்டிலைப் பையிலிருந்து உதறினான். வில்பர்ட் வந்து ஒரு முனையைப் பிடித்தான். வாசலில் கையை வெட்டணும் என்று சொன்னவன் அவன்தான். பிறகு குட்லக் என்ற சுமையாள், அவனுக்குப் பின்னால் நோவத்துஸ். அமினியேலைக் கட்டிலில் கிடத்தி, ஆளுக்கொரு போர்வையை அவன் மேல் போட்டு, தோளுக்கு ஏற்றினார்கள்.

ஒன்றரை நாள் இறக்கம். கல், சேறு, மரவேர். இத்தனை வருஷத்தில் அமினியேல் ஒரு தடவைகூட அந்தப் பாதையில் வானத்தைப் பார்த்ததில்லை. எப்போதும் முன்னால் போகிறவனின் குதிகாலைத்தான் பார்த்திருக்கிறான். முதல் ஒரு மணி நேரம் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பல்லைக் கடித்தான். அப்புறம் முதுகுக்கடியில் துணி இழுத்துப் பிடித்திருப்பதும், அது காய்ந்திருப்பதும் தெரிந்தது. தூங்கிப்போனான்.

"மகாராசா குறட்டை விடறாரு," என்றான் குட்லக்.

"எழுப்பாத. எழுந்தா கடிதாசி எழுதுவாரு," என்றான் வில்பர்ட். நாலு பேரும் மூச்சிரைக்கச் சிரித்தார்கள். கட்டில் ஆடியது. அமினியேல் விழிக்கவில்லை.

கீழ்வாசலில் எடைக்காரன் கையை நீட்டி மறித்தான். இறங்கும் சுமையையும் எடை போட வேண்டும்.

"இது ஆளுடா," என்றான் ஒம்பேனி.

"நாலு பேரு தூக்கிட்டு வர்றீங்க. தூக்கிட்டு வர்றது சுமை."

போர்வைகளை எடுத்துவிட்டு, கட்டிலோடு கயிறு கட்டிக் கொக்கியில் மாட்டினார்கள். அமினியேல் தரைக்கு ஒரு முழம் மேலே தொங்கி மெதுவாகச் சுற்றினான். அறுபத்தெட்டு கிலோ. எடைக்காரன் காகிதத்தில் போட்டுப் பார்த்தான்.

"ஆளுக்குப் பதினேழு கிலோ. அவங்கவங்க மூட்டை அஞ்சு. ஆக இருபத்திரெண்டு. வரம்பு மீறிட்டீங்க. இன்னொரு ஆளு வேணும்."

"இன்னொரு ஆளு இருந்தா அவனுக்கும் கட்டில் வேணுமே," என்றான் நோவத்துஸ். அவன் கேலியாகத்தான் சொன்னான். எடைக்காரன் தலையாட்டினான்.

அதற்குள் தொலைபேசி போய், அரை நாளில் இரண்டு ஜீப்பும் வந்தன. அதுவரை நாலு பேரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அமினியேல் தொங்கிக்கொண்டிருந்தான், இறக்கினால் எடை மறுபடி போட வேண்டும். கௌடென்ஸ் பதிவேட்டைப் புரட்டினார்.

"இந்த ஆளு பதிவுல மூணுல ஒரு பங்கு. கட்டிலும் கயிறும் கழிச்சாலும் இவன் மட்டும் அறுபது கிலோ இருக்க முடியாது. இருபதுதான் இருக்கணும். மிச்ச நாப்பது கிலோ என்ன? எப்படி மலைக்குள்ள போச்சு?"

"சாப்பாட்டுலதான் ஏறியிருக்கும்," என்றான் ஒம்பேனி. குரலில் ஒன்றும் இல்லை.

அனுமதி பெறாத நாற்பது கிலோ என்று எழுதிக்கொண்டார்கள்.

டாக்டர் ஃபுல்ஜென்ஸ் படக்காரரோடு வந்தார். வாரியத்தின் கட்டிலில் ஒரு சுமையாள் முழுசாகப் படுத்திருப்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். கால்மாட்டுத் தகட்டைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு அருகில் நின்றார்.

"சொல்லுப்பா. கட்டில் எப்படி இருந்துச்சு?"

அமினியேல் பொய் சொல்லத் தெரியாதவன். "சுகமா இருந்துச்சு ஐயா. இருபத்தொரு வருஷத்துல நேத்துத்தான் தூங்கினேன்."

தலைவர் திரும்பிக் கௌடென்ஸைப் பார்த்தார். "எழுதிக்குங்க. இந்தக் குரலுக்காகத்தான் நாம உழைச்சோம். நாலு பேர் சேந்து தூக்கினா சுமையாளும் சுகமா தூங்க முடியும்னு நிரூபிச்சாச்சு. அடுத்த பருவத்துலேருந்து ஒரு சுமையாளுக்கு நாலு சுமையாள்." கௌடென்ஸ் பேனாவைத் திறந்தார். இந்தக் கணக்கு எங்கேயும் நிற்காது என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மாவட்ட மருத்துவமனையில் இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். இடது கால் திரும்பவில்லை. அமினியேல் இப்போது வாழைத்தண்டுகளைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடக்கிறான். மனைவி சந்தையில் வாழைக்குலை சுமக்கிறாள். மூத்தவள் பள்ளியை விட்டாயிற்று.

சுமையாட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் பாரத்தை இன்னொருவன் சுமந்தால் அதற்குப் பணம் வாங்கமாட்டான், சாப்பாடு வாங்கமாட்டான். அடுத்த பயணத்தில் அவன் பாரத்தை இவன் அத்தனை நேரம் சுமக்க வேண்டும். வேறு எதுவும் கணக்கில் சேராது. ஒம்பேனி பயணத்துக்கு நடுவில் வந்து உட்கார்ந்து ம்பெகேக் கள் குடித்துவிட்டுப் போகிறான். அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. மற்ற மூன்று பேரும் பாதையில் பார்த்தால் இடுப்பு எப்படி என்று மட்டும் கேட்கிறார்கள்.

ஒம்பேனிக்கு ஒன்றரை நாள். வில்பர்ட்டுக்கு ஒன்றரை நாள். குட்லக்குக்கு ஒன்றரை நாள். நோவத்துஸுக்கு ஒன்றரை நாள். மொத்தம் ஆறு நாள் சுமை. அமினியேல் இன்னும் சுமக்கவில்லை.